விலை ஏறாத ஊர்

ஸ்ரீரங்கம்
18.4.2023

அன்புத் தம்பி நவநீதனுக்கு,

அக்கா பொன்னுத்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் கால்வலி கைவலியோடு சௌக்கியம். உன் பல்வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதினால்தான் தெரியும்.

போனில் பேசினால் நான் பெண் பார்க்கிற பேச்சை எடுக்கிறேன், நீ கத்துகிறாய், யாராவது ஒருத்தர் பட்டென்று வைத்துவிடுகிறோம். பொங்கலன்று நடந்த சண்டையைக் கேட்டுவிட்டு உன் மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார். "அக்காளும் தம்பியும் இனிமே லெட்டர்லயே பேசிக்குங்க. பேப்பர்ல கத்த முடியாது. ஆபத்து அவசரம்னா மட்டும் போனைத் தொடுங்க." பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் யூனியன் பஞ்சாயத்து பார்த்தே தலை நரைத்தவர். அவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? அதனால்தான் இந்தக் கடிதம்.

காவிரிப் பாலத்தை ரிப்பேர் முடித்து மறுபடி திறந்துவிட்டார்கள். நம் மெஸ்ஸுக்குப் போய்வருவது இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது. தில்லை நகரில் ஆஸ்பத்திரிகள் இருக்கும்வரை எனக்குக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் பிறந்ததும் சாப்பாட்டு விலையை ஏற்றினேன். "என்னக்கா, வருஷா வருஷம் உங்களுக்கு இதே வேலையா?" என்றார் ஒரு மெடிக்கல் ரெப். "ஆமா தம்பி, நீங்க வருஷா வருஷம் இன்கிரிமென்ட் வாங்குறீங்கள்ல, அதே வேலைதான்" என்றேன். மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து ரெண்டு தடவை ரசம் கேட்டார்.

உன் கம்பெனி எப்படிப் போகிறது? "தம்பி ஜப்பான்ல என்ன பண்றான்?" என்று கேட்பவர்களிடம் "ஸ்பிரிங் செய்யறான்" என்றால், "கட்டிலுக்கா?" என்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். பல்லை முதலில் பார்த்துக்கொள்.

அக்கா
பொன்னுத்தாய்


சுவா, ஜப்பான்
23.5.2023

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நவநீதனின் வணக்கம். பல்லைப் பிடுங்கியாயிற்று. வலியும் போயிற்று. மாமாவின் தீர்ப்புக்கு நானும் கட்டுப்படுகிறேன். உன் கால்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? சர்க்கரை பார்த்தாயா? மாமா நடைப்பயிற்சி போகிறாரா?

கட்டிலுக்கு இல்லை அக்கா. அரிசியைவிடச் சின்ன ஸ்பிரிங். கம்ப்யூட்டர் சிப் செய்கிற பெரிய மெஷின்களுக்குள் போகிறது. இருபத்திரண்டு பேர் வேலை பார்க்கிறோம். முதலாளி நிஷிவாகி அம்மாவுக்கு அறுபது வயது. அவருடைய அப்பா ஆரம்பித்த கம்பெனி.

நீ வருஷா வருஷம் விலை ஏற்றுகிறாய் என்று கேன்டீனில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எங்கள் கேன்டீன் சாப்பாட்டு விலை நான் சேர்ந்த நாளில் என்னவோ அதுதான் இன்றைக்கும். எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் அவர்கள் சேர்ந்த நாளிலும் அதேதான் என்கிறார்கள். சம்பளமும் அப்படித்தான். இங்கே முப்பது வருஷமாக எதுவும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இப்போதுதான் ரெண்டு வருஷமாகக் கடைகளில் கொஞ்சம் ஏறுகிறது. அதற்கே ஜனங்கள் பயப்படுகிறார்கள்.

போன புதன்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் ரொம்ப தூரம் நடந்தேன். செர்ரிப் பூ முடிந்து மரமெல்லாம் இலை விட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை நிதானமாக வத்தக்குழம்பு வைத்தேன். வேலை நன்றாகப் போகிறது. நீ கவலைப்படாதே. எல்லாம் நன்றாகவே போகிறது.

அன்புத் தம்பி
நவநீதன்


ஸ்ரீரங்கம்
20.7.2023

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். சர்க்கரை பார்த்தேன், இருக்கிறது. மாமா நடக்கிறார், டீக்கடை வரைக்கும். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் தக்காளி. ஆப்பிள் விலையைத் தாண்டிவிட்டது தெரியுமா? காந்தி மார்க்கெட்டில் தக்காளிக்கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆட்கள் செல்பி எடுக்கிறார்கள். மெஸ் வாசலில் போர்டு எழுதி வைத்தேன்: "தக்காளி இறங்கும்வரை சாப்பாடு பத்து ரூபாய் கூடுதல். தக்காளி இறங்கினால் நானும் இறங்குவேன்." படித்துச் சிரித்துக்கொண்டே காசு கொடுக்கிறார்கள். சிரிக்க வைத்தால் பத்து ரூபாய் தானாக வரும்.

அது கிடக்கட்டும். உன் கடிதத்தை மறுபடி படித்தேன். புதன்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் உனக்கு என்னடா வேலை? வெள்ளிக்கிழமை நிதானமாகக் குழம்பு வைக்க உனக்கு எங்கிருந்து நேரம் வந்தது? ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் வெயிலையே பார்த்ததில்லை என்று அலுத்துக்கொள்கிறவன் நீ. இதில் வேலை நன்றாகப் போகிறது என்று ரெண்டு தடவை எழுதியிருக்கிறாய். நன்றாகப் போகிறவன் ஒரு தடவைகூட எழுதமாட்டான்.

என்னிடம் மறைக்காதே. எனக்குத் தூக்கம் கெட்டுப்போனால் மறுநாள் சாம்பாரில் உப்பு கூடிவிடுகிறது. தில்லை நகரே உன்னால் அவதிப்படுகிறது.

அக்கா
பொன்னுத்தாய்


சுவா
12.8.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவில்லையே. இனிப்பைத் தொடாதே.

நீ பிடித்துவிட்டாய். ஜனவரியிலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இந்த வருஷம் சிப் வியாபாரமே மந்தம். ஜூனில் நிஷிவாகி அம்மா எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். வருகிற மார்ச் 31-ஆம் தேதியோடு கம்பெனியை மூடுகிறார்கள். சொல்லிவிட்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டு ரொம்ப நேரம் குனிந்தபடியே நின்றார்.

ஆர்டர் குறைவு என்பது மட்டும் காரணம் இல்லை. அடுத்த வருஷம் ஆர்டர் திரும்பிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இரும்புக் கம்பி விலை ஏறிவிட்டது, கரண்ட் விலை ஏறிவிட்டது. நாங்கள் விற்கிற ஸ்பிரிங் விலை மட்டும் 1992-இல் வைத்தது. விற்க விற்க நஷ்டம்.

ஏன் ஏற்றவில்லை என்று நீ இப்போது கத்துவாய். மாமா பக்கத்தில் இருந்தால் அவரும் கத்துவார். இங்கே அது வழக்கமில்லை அக்கா. எங்களிடம் வாங்குவது ஒரு பெரிய கம்பெனி. அவர்களிடம் போய் விலை கூட்டுங்கள் என்று கேட்டால், எங்களுக்குத் தொழில் தெரியவில்லை, உங்களுக்குச் சங்கடம் கொடுக்கிறோம் என்று ஒப்புக்கொள்வது மாதிரி. கேட்பதைவிட மூடிவிடுவது கௌரவம் என்று நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் இப்படி மூடியவை நிறைய.

வேலை போனால் விசாவும் போகும். யாரிடமும் சொல்லாதே.

நவநீதன்


ஸ்ரீரங்கம்
28.8.2023

என் தங்கமே,

இதற்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்? கிளம்பி வாடா! மார்ச் எதற்கு, இப்போதே வா. மாடிக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். நேற்று உன் மாமா கட்டில் பார்க்கவே போய்விட்டார்.

இங்கே வேலைக்கா பஞ்சம்? துவாக்குடிப் பக்கம் பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஷெட்டுகளில் மறுபடி வெல்டிங் நெருப்புத் தெரிகிறது. ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டதாம். ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்து நொடித்துப்போன தர்மராஜ் அண்ணன் இப்போது ஆள் கிடைக்கவில்லை என்று என் மெஸ்ஸில் வந்து புலம்புகிறார். ஜப்பானில் வேலை பார்த்தவன் என்றால் உன்னைத் தூக்கிக்கொண்டு போவார்.

பன்னிரண்டு வருஷமாக ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று நான் கேட்டது ஒன்றுதான். என் தம்பி என் கண் எதிரே இருக்க வேண்டும். எனக்கு வேறு யாரடா இருக்கிறார்கள்? காவிரித் தாய் கொஞ்சம் தாமதமாகக் காதில் வாங்கியிருக்கிறாள்.

டிக்கெட் எப்போது என்று உடனே எழுது.

அக்கா


சுவா
30.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

நிஷிவாகி அம்மா பழைய போட்டோக்களை எடுத்துக் காட்டினார். 1989-இல் அவருடைய அப்பா தொழிலாளிகள் எல்லோரையும் குடும்பத்தோடு விமானத்தில் ஹவாய் தீவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அப்போது அறுபது பேர். எல்லோர் கழுத்திலும் பூமாலை. பேங்க் மேனேஜரே வாசலுக்கு வந்து, கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று குனிந்து கேட்பாராம். நிலமும் ஷேரும் ஏறிக்கொண்டே போயின. உலகத்தையே வாங்கிவிடுவோம் என்று நினைத்தார்களாம். பிறகு ஒரே சரிவு. நாளைக்குச் சரியாகிவிடும், அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று இருந்து இருந்து முப்பது வருஷம் போய்விட்டது. எங்கள் கம்பெனி சாகவில்லை, அசையவும் இல்லை. அப்படி நின்ற இடத்திலேயே நின்ற கம்பெனியில்தான் நான் சேர்ந்தேன்.

ஆனால் அந்தக் கம்பெனியை எனக்குப் பிடிக்கும் அக்கா. நாங்கள் செய்கிற ஸ்பிரிங் மாதிரி இன்னொருத்தர் செய்து நான் பார்த்ததில்லை. நல்ல பொருளைச் செய்துவிட்டு, விலை கேட்கக் கூச்சப்பட்டுச் சாவது என்னால் பொறுக்கமுடியவில்லை. இப்படித் தோற்றுப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் மாடியில் வந்து உட்கார எனக்கு மனசில்லை. நான் வருவது உனக்குச் சந்தோஷம் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. நீ பெரிதாகச் சிரிக்கிறாயே, ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கொடுக்கிற தயிர்சாதப் பொட்டலத்தின் விலையை நீ ஏற்றியிருக்கிறாயா? எனக்குத் தெரிந்து ஏற்றியதே இல்லை.

நவநீதன்


திருச்சிராப்பள்ளி
16.10.2023

மதிப்பிற்குரிய நிஷிவாகி அம்மாவுக்கு,

நவநீதனின் அக்கா பொன்னுத்தாயின் வணக்கம். நீங்களும் உங்கள் தொழிலாளிகளின் பிள்ளைகுட்டிகளும் நன்றாக இருக்க ஸ்ரீரங்கத்துப் பெருமாள் துணை இருக்கட்டும்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல ஜப்பானிய மொழியில் எழுதுபவர் ஷெர்லின் டீச்சர். தில்லை நகரில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறார், மத்தியானம் என் மெஸ்ஸில் சாப்பிடுகிறார். "இப்படியெல்லாம் நேருக்கு நேரா எழுதினா அவங்க ஆடிப்போயிடுவாங்கக்கா" என்று பயப்படுகிறார். ஆடட்டும், அப்படியே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வரியையும் சேர்த்துத்தான்.

இந்தக் கடிதம் என் தம்பிக்குத் தெரியாது. அவனைத் திட்டாதீர்கள்.

அம்மா, நானும் கடை நடத்துகிறவள். வருஷா வருஷம் விலை ஏற்றுகிறேன். ஆனால் ஒரு பொட்டலம் தயிர்சாதத்துக்கு மட்டும் ஏற்றுவதில்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் படுக்கவைத்துவிட்டு வெளியே காத்திருப்பவர்கள் வாங்குவது அது. அதில் எனக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முழுச்சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். ஏற்றாத விலையை யாரோ ஒருத்தர் கொடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அது யார் என்று கடைக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் ஸ்பிரிங்குக்கு முப்பது வருஷமாக அதை யார் கொடுத்தார்கள்? உங்கள் இருபத்திரண்டு பேர் கொடுத்தார்கள். ஏறாத சம்பளத்தில் கொடுத்தார்கள். வாங்குகிற பெரிய கம்பெனி ஆஸ்பத்திரி வாசலிலா உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் பாவம் பார்க்க?

அதனால் விலையைக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்றும் சொல்கிறேன். பத்து வேண்டுமென்றால் இருபது கேளுங்கள். அவர்கள் அடித்துப் பேசுவார்கள். எழுந்து போவது மாதிரிகூடப் போவார்கள். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். திரும்பி வந்து பத்துக்குப் படிவார்கள்.

தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் மன்னியுங்கள். தப்பாகச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு
பொன்னுத்தாய்


சுவா
14.11.2023

மதிப்பிற்குரிய பொன்னுத்தாய் அவர்களுக்கு,

இலையுதிர் காலம் முற்றி, ஏரியின்மேல் காலை மூடுபனி இறங்கும் இந்நாட்களில் தாங்கள் மென்மேலும் நலத்துடன் விளங்குவது அறிந்து மகிழ்கிறேன். தங்கள் இளைய சகோதரர் எங்களுக்கு அளித்துவரும் உழைப்புக்கு நன்றி கூற இத்தனை ஆண்டுகள் தாமதித்தது என் குறை.

தங்கள் கடிதத்தைக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் வாசித்தேன். "யார் கொடுத்தார்கள்" என்ற இடத்தில் என்னால் மேலே வாசிக்க இயலவில்லை. பக்கத்தில் நின்றவர் வாங்கி வாசித்து முடித்தார். ஆஸ்பத்திரி வாசல் என்ற வரியில் அவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் காலைக் கூட்டத்தில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

பிழைத்திருக்கப் பதினைந்து சதவீத உயர்வு வேண்டும் என்று கணக்கிட்டோம். தாங்கள் அறிவுறுத்தியபடி முப்பது சதவீதம் கேட்டு எழுதி, கடந்த வாரம் திங்கட்கிழமை அனுப்பினேன். நானே நடந்து சென்று தபால் பெட்டியில் போட்டேன்.

குளிர் தொடங்குகிறது. தங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ள வேண்டுகிறேன்.

நிஷிவாகி

(தமிழாக்கம்: ஷெர்லின். அக்கா, நான் பயந்தது வீண்!)


சுவா
4.12.2023

அக்கா,

உடம்பு நலம். மனசு நலமில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான். என்னைக் கேட்காமல் என் முதலாளிக்கே எழுதியிருக்கிறாய். கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தபோது எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் வந்து என் தோளைத் தட்டினார்கள். பன்னிரண்டு வருஷத்தில் என்னைத் தொட்டுப் பேசாதவர்கள். அதனால் கோபம் போய்விட்டது.

இப்போது பிரச்சினை வேறு. இந்த ஊரில் பேரம் என்பதே கிடையாது அக்கா. ஒருத்தர் ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. சரி என்பார்கள், இல்லையென்றால் பேசாமல் விலகிவிடுவார்கள். அடித்துப் பேசுவதும் இல்லை, எழுந்து போவதும் இல்லை. பதினைந்து என்று எழுதியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார்கள். முப்பது என்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டுவிட்டார்கள். நாலு வாரமாக ஒரு வரி பதில் இல்லை. எப்போதும் மாதக் கடைசியில் வரும் அவர்களுடைய ஆள்கூடப் போன மாதம் வரவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. நிஷிவாகி அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்கள் அக்கா சொன்னது போல இரண்டு மடங்கு எழுதலாமா?" என்று கேட்டார். நான்தான் தலையை ஆட்டினேன். எனக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. நானும் காந்தி மார்க்கெட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன்தானே.

நவநீதன்


ஸ்ரீரங்கம்
6.1.2024

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு அன்றைக்கு ஜப்பானில் நிலநடுக்கம் என்று டிவியில் பார்த்ததும் போனைத் தூக்கிவிட்டேன். "நல்லாத்தான் இருக்கேன்க்கா, இது அந்தக் கடற்கரைப் பக்கம்" என்றாய். பெருமூச்சு விட்டேன். கம்பெனியைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. கேட்க எனக்கு எந்த முகம் இருக்கிறது?

என் நாக்கில் சனி, வேறென்ன சொல்ல? மாமா இந்தத் தடவை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "விடு பொன்னு" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிப் பேசினால் விஷயம் ரொம்ப மோசம் என்று அர்த்தம்.

வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் திறந்தபோது அந்த நெரிசலில் நானும் போனேன். மோட்சம் கேட்கிற கூட்டத்துக்கு நடுவில் நின்று, "ரங்கநாதா, அவங்க ஒரே ஒரு தடவை பேரம் பேசட்டும். பாதிக்காவது கேக்கட்டும்" என்று வேண்டினேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நிஷிவாகி அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றால் ஷெர்லின் டீச்சர் பேனாவைத் தர மறுக்கிறார். "போதும்க்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்கிறார். சும்மா இருக்கிறேன். இப்படிச் சும்மா இருந்து எனக்குப் பழக்கமே இல்லை.

நல்லதோ கெட்டதோ, எழுது.

அக்கா


சுவா
20.3.2024

என் அருமை அக்காவுக்கும், தீர்ப்புச் சொல்ல மறந்துபோன மாமாவுக்கும்,

ஜெயித்துவிட்டோம்!

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. ஒப்பந்தம் கையில் வரும்வரை எழுதக்கூடாது என்று இருந்தேன். நேற்று வந்துவிட்டது. இன்று இங்கே விடுமுறை. காலையிலிருந்து இந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் பனி கொட்டுகிற ஒரு நாள், பெரிய கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கொள்முதல் பிரிவின் தலைவரே வந்திருந்தார். வந்ததும் மூன்று பேரும் ஆழமாகக் குனிந்தார்கள். உறவை முறிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். முப்பது வருஷமாக இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. இதற்கு யார் பதில் எழுதுவது என்றே எங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. மேஜை மேஜையாகப் போய் எல்லோருடைய முத்திரையும் வாங்கி வர இத்தனை நாள் ஆயிற்று." அவ்வளவுதான் அக்கா! அவர்கள் கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை, ஃபைல் நகரவில்லை. நம் தாலுகா ஆபீஸ் கெட்டது போ.

அவர் மேலே சொன்னார். "எங்களுக்கு ஸ்பிரிங் கொடுத்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் ஒரு வார்த்தை சொல்லாமல், மரியாதையாக மூடிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். கேட்டது நீங்கள் மட்டும்தான். சிப் மெஷின் ஆர்டர் மறுபடி குவிகிறது. நீங்களும் போய்விட்டால் எங்களுக்கு வழியில்லை. முப்பது சதவீதத்துக்குச் சம்மதிக்கிறோம்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் நிஷிவாகி அம்மா எழுந்து நின்றார். குனியக்கூட மறந்துபோய் நிமிர்ந்து நின்றார். "நாங்கள் பிழைக்கப் பதினைந்து போதும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்! "ஐயோ, கெடுத்தாரே" என்று நான் தமிழிலேயே முனகிவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. "மிச்சம் பதினைந்து என் தொழிலாளிகளுக்கு. முப்பது வருஷமாக உங்கள் விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள்." அந்தத் தலைவர் மறுபடி ஒரு தடவை குனிந்தார். பிறகு, "அப்படியானால் இன்னும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

கம்பெனி மூடவில்லை. ஏப்ரலிலிருந்து எங்கள் எல்லோருக்கும் சம்பளம் ஏறுகிறது. 1992-க்குப் பிறகு முதல் தடவை. நாடு முழுக்கவே இப்படித்தான் இருக்கிறது அக்கா. போன மாதம் ஷேர் மார்க்கெட் 1989-இல் தொட்ட உச்சத்தைத் தாண்டியது. நேற்று மத்திய வங்கி வட்டியை ஏற்றியது, பதினேழு வருஷத்தில் முதல் தடவை. எங்கள் கேன்டீனில் சாப்பாட்டு விலையும் ஏறப்போகிறது. அறிவிப்பை ஒட்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். விலை ஏறியதற்குக் கை தட்டிய கேன்டீனை நீ பார்த்திருக்கிறாயா?

புதிதாக நாலு பேரை வேலைக்கு எடுக்கிறார்கள். தொழிற்கூடம் முழுவதற்கும் இனி நான்தான் பொறுப்பு என்று நிஷிவாகி அம்மா சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்காரன் ஒருத்தனை அந்த இடத்தில் வைப்பது இந்தப் பக்கத்தில் இதுதான் முதல் தடவையாம்.

உன் கால்வலி எப்படி இருக்கிறது? சர்க்கரை எவ்வளவு? இன்றைக்கு ஒரு நாள் இனிப்புச் சாப்பிடு.

உன் தம்பி
நவநீதன்


ஸ்ரீரங்கம்
8.4.2024

என் ராஜா,

நலம், நலம், ரொம்ப நலம். சர்க்கரை ஏறியிருக்கும். ஏறட்டும், எல்லாம் ஏறுகிற வருஷம் இது.

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். படித்ததும் எழுந்து கத்திவிட்டேன். சாம்பார் வாளியோடு நின்ற பையன் பாதியைத் தரையில் கொட்டிவிட்டான். ஒரு அண்டா கேசரி கிளறச் சொன்னேன். அன்றைக்கு மெஸ்ஸுக்கு வந்த ஒவ்வொருத்தர் இலையிலும் கேசரி. "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டார்கள். "ஜப்பான்ல விலை ஏத்திட்டாங்க!" என்றேன். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமா தன் இலையைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய், "என் மச்சான் அங்க தொழிற்கூடத்துக்கே தலைவர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஷெர்லின் டீச்சர் மட்டும் கேசரியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் கேட்டார். "அந்தக் கம்பெனி மூடியிருந்தா உங்க தம்பி இந்த மாசம் இங்க வந்திருப்பாரு. இனிமே அவரு இந்தப் பக்கம் வர்றதுக்கு இல்ல. நீங்க லெட்டர் சொன்ன அன்னைக்கே இது உங்களுக்குத் தெரியாதாக்கா?"

தெரியும்டா. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், நீ தானாக வந்து இறங்கியிருப்பாய். தினமும் என் கையால் சாப்பிட்டிருப்பாய். கேட்டவர்களிடம் எல்லாம் அந்தக் கம்பெனி எப்படி மூடிப்போனது என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருப்பாய். அப்படி ஒரு தம்பியைத்தான் நான் பன்னிரண்டு வருஷம் வேண்டினேனா? இல்லை. "எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன் டீச்சர்" என்றேன். சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய் நன்றாக அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நானும் ஒரு கிண்ணம் கேசரி சாப்பிட்டேன்.

நீ ஜெயித்தவன். அங்கேயே இரு. நிஷிவாகி அம்மாவுக்கு என் கும்பிடு. அடுத்த வருஷமும் கேட்கச் சொல், மறந்துவிடப் போகிறார். இந்தத் தடவை ரெண்டு மடங்கு வேண்டாம்.

லீவு எப்போது என்று மட்டும் உடனே எழுது. டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடு.

அக்கா
பொன்னுத்தாய்